ஸ்வீடனில் பிஎச்டி இடம் தேடுவது எப்படி?

லுண்ட் பல்கலைக்கழகத்தில் பிஎச்டி அட்மிஷன் எந்த மாதம், கட்டணம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே அட்மிஷன் சீசன் என்று ஒன்று கிடையாது, கட்டணமும் கிடையாது. ஸ்வீடனில் பிஎச்டி என்பது பெரும்பாலும் ஒரு வேலை. பல்கலைக்கழகமே பணியில் அமர்த்தி மாதச் சம்பளம் தரும். படிப்பு 4 ஆண்டு. கூடவே வேலை நேரத்தில் 20 சதவீதம் வரை பாடம் நடத்துவது போன்ற துறைப் பணியும் செய்தால் 5 ஆண்டு வரை போகும்.

அதனால் முதுநிலைப் படிப்புக்கான பொது விண்ணப்பத் தளத்தில் தேடாதீர்கள். பல்கலைக்கழக இணையதளத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தைப் பாருங்கள். ஆண்டு முழுக்க விளம்பரம் வரும், ஒவ்வொன்றுக்கும் தனிக் கடைசித் தேதி. முதுநிலைப் பட்டம் இருந்தால் பொதுத் தகுதி சரி. சிறப்புத் தகுதி துறைக்குத் துறை மாறும்.

உண்மையில் உழைக்க வேண்டியது விண்ணப்பத்தோடு அனுப்பும் கடிதத்தில்தான். ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி எல்லா இடத்துக்கும் அனுப்புவது வீண். விளம்பரத்தில் "பைத்தானில் தரவு அலசத் தெரிந்திருக்க வேண்டும்" என்று இருந்தால், "பைத்தான் தெரியும்" என்று எழுதி நிறுத்தாதீர்கள். எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டில் எந்தத் தரவை எடுத்தீர்கள், எங்கே சிக்கல் வந்தது, எப்படித் தீர்த்தீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். தேர்வுக் குழு தேடுவது அதைத்தான்.

விளம்பரத்தில் பெயர் இருக்கும் பேராசிரியரிடம் ஆய்வைப் பற்றி மின்னஞ்சலில் தாராளமாகக் கேட்கலாம். விண்ணப்பத்தை மட்டும் விளம்பரத்தில் உள்ள இணைப்பு வழியாகவே அனுப்புங்கள். அப்புறம் ஒன்று: அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் விண்ணப்பம் அங்கே பொது ஆவணம், யார் கேட்டாலும் பார்க்கலாம். தேவையில்லாத சொந்த விவரங்களைச் சேர்க்காதீர்கள்.