சின்ன லீக்கில் ஆடியவர் பெரிய மேனேஜராக முடியுமா?

பெரிய கிளப்பில் ஆடிப் பெயர் வாங்காத ஒருவர் கால்பந்தில் நல்ல மேனேஜராக வர முடியுமா, நட்சத்திர வீரர்கள் அவர் பேச்சைக் கேட்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் எடி ஹவ். 2025-இல் அவருடைய அணியான இங்கிலாந்தின் நியூகாசில் கோப்பை வென்றபோதுதான் நம்மில் பலர் அவரைத் திரும்பிப் பார்த்தோம், ஆனால் அவரைப் புரிந்துகொள்ள ரொம்பப் பின்னால் போக வேண்டும்.

ஹவ் ஒரு டிஃபெண்டர். இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் போர்ன்மத் கிளப்பில் வளர்ந்து கீழ்நிலை லீக்குகளிலேயே ஆடியவர். 2002 மார்ச்சில் போர்ட்ஸ்மத் கிளப் அவரை 4 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அங்கே மேனேஜராகப் புதிதாகப் பொறுப்பேற்றிருந்த ஹாரி ரெட்நாப் வாங்கிய முதல் வீரர் இவர்தான். முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போனது. அடுத்த சீசனின் முதல் ஆட்டத்தில் மறுபடி இறங்கினார், பத்து நிமிடம்கூட ஆகவில்லை, திரும்பவும் அடி. போர்ட்ஸ்மத்துக்காக அவர் ஆடியது மொத்தமே இரண்டு ஆட்டங்கள், அப்போது வயது 24.

2004-இல் போர்ன்மத் அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ள நினைத்தபோது கிளப்பிடம் கொடுக்கப் பணமில்லை. ரசிகர்களே வசூல் செய்து 21,000 பவுண்டு சேர்த்துக் கொடுத்தார்கள். முழங்கால் தாங்குமா என்றே தெரியாத ஒரு டிஃபெண்டருக்காக மக்கள் தங்கள் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த காசு அது! நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. ஆனாலும் 2007-இல், 29 வயதில், அவர் ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று.

அடுத்த வருடம் போர்ன்மத் கடனில் மூழ்கியது. தண்டனையாக 17 புள்ளிகள் கழிக்கப்பட்டு, இங்கிலாந்து லீக்கின் நாலு அடுக்குகளில் கடைசியான நாலாம் டிவிஷனில் மைனஸ் 17 என்று சீசனைத் தொடங்கினார்கள். 2008-இன் கடைசி நாளில் மேனேஜரை நீக்கிவிட்டு, இளையோர் அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த ஹவ்வைத் தற்காலிகமாக உட்கார வைத்தார்கள். வயது 31. முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி, இருந்தும் அவரையே நிரந்தரமாக்கினார்கள். இங்கிலாந்தின் 92 லீக் கிளப்புகளில் அப்போது போர்ன்மத்தின் இடம் 91. லீக்கை விட்டு வெளியே விழுந்திருந்தால் கிளப்பே இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஹவ் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, கிளப் முன்பு அனுப்பிவிட்டிருந்த தன் பழைய தோழர் ஸ்டீவ் ஃபிளெட்சரைத் திரும்பக் கூட்டி வந்தது. 36 வயது ஸ்ட்ரைக்கர் (கோல் அடிக்க முன்னால் நிற்பவர்), ஆள் நல்ல உயரம், வேகம் கிடையாது. 2009 ஏப்ரல் 25, கிரிம்ஸ்பியுடன் சொந்த மைதானத்தில் ஆட்டம், ஜெயித்தால் தப்பிக்கலாம், 1-1 என்று நிற்கிறது, 80-வது நிமிடத்தில் ஃபிளெட்சர் அடித்தார் பாருங்கள் ஒரு கோல். அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. மைதானத்தில் பார்வையாளர்கள் உட்காரும் ஒரு ஸ்டாண்டுக்கு இன்று அவர் பெயர்தான்.

அதற்கடுத்த சீசனில் புது வீரர்களை எடுக்கத் தடை இருந்தது. கையில் இருந்த சின்னக் கூட்டத்தை வைத்தே மூன்றாம் டிவிஷனுக்கு ஏறினார்கள். இடையில் ஹவ் பர்ன்லி கிளப்புக்குப் போனார், 2012-இல் திரும்பி வந்தார், 2013-இல் ஒரு படி, 2015-இல் இன்னொரு படி, சரித்திரத்தில் முதல்முறையாக போர்ன்மத் உச்ச டிவிஷனான பிரீமியர் லீக்கில்! ஸ்டீவ் குக், சைமன் ஃபிரான்சிஸ், சார்லி டேனியல்ஸ், மார்க் பியூ எல்லாரும் மூன்றாம் டிவிஷனிலிருந்தே அவரோடு வந்தவர்கள். வீரர்கள் கேட்பார்களா என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் பதில் என்பேன். தன் ஆட்டம் வாரத்துக்கு வாரம் முன்னேறுவது ஒரு வீரனுக்கே தெரியும், அப்புறம் மேனேஜர் எந்தக் கிளப்பில் ஆடினார் என்று யார் கேட்கப்போகிறார்கள்?

தோல்வியும் உண்டு. 2020-இல் போர்ன்மத் கீழே இறங்கியது, அவரும் விலகினார். 2021 நவம்பரில் நியூகாசிலுக்கு வந்தபோது அந்த அணி 11 ஆட்டங்களில் ஒன்றுகூட ஜெயித்திருக்கவில்லை. கிளப்பைப் புதிதாக வாங்கியிருந்த சவூதி முதலாளிகளின் பணம்தான் காப்பாற்றியது என்பவர்கள் உண்டு. பணம் உதவியது உண்மை, ஆனால் ஜோலின்டனைப் பாருங்கள். 4 கோடி பவுண்டுக்கு முன்பே வாங்கப்பட்டு, கோல் அடிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்த ஸ்ட்ரைக்கர். நார்விச்சுடன் நடந்த ஆட்டத்தில் ஆரம்பத்திலேயே ஒரு டிஃபெண்டர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, ஜோலின்டன் நடுக்களத்துக்கு இறங்கி ஆட வேண்டி வந்தது. ஹவ் அதைப் பார்த்துவிட்டு அவரை அங்கேயே வைத்துக்கொண்டார். லீக்கிலேயே சிறந்த நடுக்கள வீரர்களில் ஒருவரானார். ஆள் பற்றாக்குறையில் வருடக்கணக்கில் அணி கட்டியவரின் கண்ணுக்குத்தான் இது படும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த சீசனில் 11-வது இடம், அடுத்த சீசனில் 4-வது, அதனால் ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் இடம். 2025 மார்ச் 16, லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் லிவர்பூலை 2-1 என்று வீழ்த்தி லீக் கோப்பை. 1955-க்குப் பிறகு நியூகாசில் உள்நாட்டில் வென்ற முதல் பெரிய கோப்பை அது. அதற்கு முன்னால் இங்கிலாந்தின் பெரிய கோப்பை ஒன்றை வென்ற கடைசி ஆங்கிலேய மேனேஜர் யார் தெரியுமா? 2008-இல் போர்ட்ஸ்மத்தோடு எஃப்.ஏ. கோப்பை வென்ற ஹாரி ரெட்நாப்.