கேள்வி - பதில்: பால்மா பக்கட் எந்தப் பையில்?

கேள்வி: தரம் பிரிக்காத குப்பையை எடுக்க மாட்டோம் என்று சொல்லி, போன வாரம் என் பையை வாசலிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டது குப்பை ட்ரக்டர். வீட்டில் இரண்டே அறை. ஐந்து நிறப் பெட்டியை எங்கே வைப்பேன்? அதைவிட, பக்கத்து வீட்டார் பிரித்துக் கொடுத்ததையும் கண் முன்னாலேயே ஒன்றாகத்தான் கொட்டினார்கள். அப்புறம் நான் எதற்கு மினக்கெட வேண்டும்? யோகட் கப்பைக் கழுவ வேண்டுமா, பால்மா பக்கட் எந்தப் பையில் என்பதும் புரியவில்லை.
- வாசகி, நுவரெலியா மாவட்டம்

பதில்: கோபம் நியாயம்தான். ஆனால் அந்த ஐந்து நிறக் கணக்கை, அதாவது உக்குவதற்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்குக் கபிலம் என்பதை, பஸ் நிலையத்துக்கும் பாடசாலைக்கும் விட்டுவிடுங்கள். குசினியில் ஒரே ஒரு வேலை: ஈரமானதைத் தனியாக எடுப்பது. சோறு, கரட் தோல், லீக்ஸ் வால், தேயிலைச் சக்கை, மீன் செதில் எல்லாம் மூடியுள்ள ஒரு பழைய பெயின்ட் வாளிக்குள். நம் நாட்டு வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் இதுதான். இது போய்விட்டால் மிச்சம் நாறாது, ஒரு மாதம்கூட உரப்பையில் கட்டிக் கதவுக்குப் பின்னால் கிடக்கும். போத்தலையும் டின்னையும் இன்னொரு பையில் போட்டு வைத்தால் பழைய சாமான் வாங்குபவர் காசு கொடுத்தே எடுப்பார்.

யோகட் கப்பைக் கழுவத்தான் வேண்டும், ஆனால் சவர்க்காரம் போட்டல்ல, பாத்திரம் கழுவிய தண்ணீரிலேயே ஒரு அலசு. பால்மா பக்கட்டைக் கிழித்துப் பாருங்கள், உள்ளே வெள்ளியாக மினுங்கும். பிளாஸ்டிக்கும் உலோகப் படலமும் ஒன்றோடொன்று ஒட்டியது அது, பிரிக்க முடியாததால் மீள்சுழற்சிக்காரர் வேண்டாம் என்பார். பிஸ்கட் உறையில் பலதும் இந்த ரகம்தான். அதெல்லாம் கடைசி மிச்சப் பையில். பம்பர்ஸும் அங்கேதான், சுற்றிக் கட்டி.

ஒன்றாகக் கொட்டுகிறார்களே என்றால், முதலில் எந்த நாளில் எது எடுக்கப்படும் என்ற அட்டவணையைச் சபையில் கேட்டு வாங்குங்கள். பல சபைகள் உக்குவதற்கும் உக்காததற்கும் வேறு வேறு நாள் வைத்திருக்கின்றன. அப்படியும் கலந்தால் திகதியோடு போட்டோ எடுத்து, நாலு வீட்டார் கையெழுத்தோடு வட்டார உறுப்பினருக்குக் கொடுங்கள், வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். கலந்த குப்பை பசளையாகவும் ஆகாது, விற்கவும் ஆகாது, மலையாகத்தான் குவியும். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லவில் அப்படிக் குவிந்த மலை சரிந்துதான் 32 பேர் செத்தார்கள்.

கேள்வி: எங்கள் லயத்துக்கு எந்தக் குப்பை வண்டியும் வந்ததே இல்லை. கானில் கொட்டுவோம், இல்லாவிட்டால் எரிப்போம். எங்களுக்கும் இந்தச் சட்டமா?
- தோட்டத்து வாசகர்

பதில்: வண்டி வராததற்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை தன் காசைச் செலவழிப்பதற்குக் குறுக்கே நின்றது. அதை 2018இல்தான் திருத்தினார்கள். அதனால் இப்போது நீங்கள் கேட்பது தயவு அல்ல, தயங்காமல் கேளுங்கள். ட்ரக்டர் லயம் வரை ஏறாது என்பார்கள், ஏறவும் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் கொழுந்து மடுவத்தடிக்கு வந்தால் போதும், காய்ந்த குப்பையை அங்கே கொண்டுவந்து தருகிறோம் என்று எழுதிக் கொடுங்கள்.

ஈரக் குப்பைக்கு வண்டியே தேவையில்லை. கொல்லையில் ஒரு குழி, ஒரு அடுக்கு குப்பை, ஒரு அடுக்கு காய்ந்த மானாப்புல், மழைக்கு மேலே ஒரு தகரம். நம் குளிருக்கு உக்க நாளாகும், அவசரப்பட்டுக் கிளறாதீர்கள். மீனும் இறைச்சியும் வேண்டாம், காட்டுப்பன்றிக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

கானில் போட்டது எங்கே போகிறது? முதலில் கீழ் லயத்துப் பீலிக்கு. டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கம் என்றால் அப்புறம் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள், அங்கிருந்து களனி கங்கை. கொழும்புக்காரர் குடிப்பதும் அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான். பொலித்தீனை எரிப்பதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். ஒரு காம்பராவில் எரித்தால் பத்துக் காம்பராவும் இருமும்.

கேள்வி: கடையில் சிலிசிலி பைக்கு, அதுதான் கைபிடி வைத்த பொலித்தீன் பைக்கு, காசு கேட்கிறார்கள். ஏமாற்றா?

பதில்: இல்லை. 2025 நவம்பர் 1 முதல் சும்மா கொடுக்கக் கூடாது, பையின் விலை பில்லிலும் தெரிய வேண்டும். பில்லில் இல்லாமல் காசு வாங்கினால் தாராளமாகச் சண்டை பிடியுங்கள். நான் ஒரு துணிப் பையை மடித்துக் குடைக்குள் செருகி வைத்திருக்கிறேன், நம் ஊரில் குடையை மறந்துவிட்டு யார் வெளியே போவார்கள்?