போர்டோஃபினோ அல்லாத போர்டோஃபினோ

வணக்கம் சார்,

நீங்கள் எழுதியதை நம்பி ‘ஹோட்டல் போர்டோஃபினோ’ என்ற ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரைப் பார்க்க உட்கார்ந்தோம். 1926-ல் இத்தாலியக் கடற்கரையில் ஓட்டல் நடத்தும் ஓர் ஆங்கிலக் குடும்பத்தின் கதை. ஓட்டலைத் தூக்கி நிறுத்தும் பெல்லா, மாமனார் காசில் சூதாடும் கணவன் செசில், போரில் காயம்பட்ட மகன், கணவனைப் போரில் இழந்த மகள். என் மனைவிக்குப் பிடித்துவிட்டது. எனக்கு மூன்று விஷயங்கள் உறுத்துகின்றன. ஒன்று, பெரும்பகுதியை குரோவேஷியாவில் எடுத்தார்களாம். ஊர் பெயரைத் தலைப்பில் வைத்துக்கொண்டு வேறு ஊரைக் காட்டுவது ஏமாற்று இல்லையா? இரண்டு, முசோலினி ஆட்சியில் இவர்கள் இவ்வளவு சாவகாசமாக டீ குடிப்பது நம்பும்படி இல்லை. மூன்று, அந்த இந்திய டாக்டர் பாத்திரம் இன்றைய ரசனைக்காக ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

அது மகத்தான தொடர் என்று நான் சொன்னதாக நினைவில்லை. ரூபன்ஸ் என்ற பழைய ஓவியரின் படத்தை விற்கிற கிளைக்கதை எனக்கும் அலுப்புத்தான். ஆனால் நீங்கள் குறையாகச் சொல்லும் முதல் விஷயம்தான் என்னை அந்தத் தொடரோடு கட்டிப்போட்டது.

படப்பிடிப்பு நடந்தது குரோவேஷியாவின் ஓபாட்டியா, லோவ்ரான் பக்கம். அது ஏதோ மலிவாகக் கிடைத்த கடற்கரை இல்லை. ஆஸ்திரியப் பேரரசின் பணக்காரர்கள் உடம்பு தேற்றிக்கொள்ளப் போன ஊர். ரயில் கம்பெனிக்காரர்கள் 1884-லேயே அங்கே பெரிய ஓட்டல் கட்டிவிட்டார்கள். முதல் உலகப்போர் முடிந்து பேரரசு உடைந்ததும் அந்தக் கரை யாருக்கு என்று இழுபறி. 1920 நவம்பர் 12-ஆம் தேதி இத்தாலியும் பின்னாளில் யூகோஸ்லாவியா ஆன நாடும் ஒப்பந்தம் போட்டன. ஓபாட்டியா இத்தாலிக்குப் போனது. கையெழுத்தான இடம் எது தெரியுமா? ரப்பாலோ. போர்டோஃபினோவுக்குப் பக்கத்து ஊர், சாலையில் பத்து கிலோமீட்டர்கூட இருக்காது.

ஆக 1926-ல் ஓபாட்டியா இத்தாலிதான். பெயர் அப்பாட்சியா. 1947 வரை அப்படியே இருந்தது. தொடர் பொய் சொல்லிப் போய் நின்ற இடமும் அன்றைய இத்தாலிக்குள்தான் இருக்கிறது.

அங்கே அந்த வருடங்களில் என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். 1923-ல் வந்த கல்விச் சட்டத்தால் பள்ளிகளில் குரோவேஷிய, ஸ்லோவேனிய மொழிகளில் பாடம் நடத்துவது வகுப்பு வகுப்பாக நிறுத்தப்பட்டது. 1927-ல் குடும்பப் பெயர்களை இத்தாலியப் பெயர்களாக மாற்றும் ஆணை அந்த வட்டாரத்துக்கும் நீண்டது. வோடோபிவெக் என்றால் ஸ்லோவேனிய மொழியில் தண்ணீர் குடிப்பவன். அதை அப்படியே மொழிபெயர்த்து பெவிலாக்வா ஆக்கினார்கள். அர்த்தம் மாறவில்லை, தாத்தா பெயர் போய்விட்டது. மொழியைப் பள்ளியிலிருந்து எடுப்பது என்றால் என்ன என்று நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தொடரின் இரண்டாம் பருவம் (சீசன்) நடப்பதும் அதே 1927-ல். திரையில் ஆங்கிலேயர்கள் மெத்தை நாற்காலியில் சாய்ந்திருக்கும் அந்தக் கரையில்தான் நிஜத்தில் பெயர்ப்பலகைகள் மாறிக்கொண்டிருந்தன. இது தெரிந்த பிறகு பின்னணியில் வரும் கடலை என்னால் வெறும் அழகாகப் பார்க்க முடியவில்லை. இயக்குநர் இதை நினைத்து எடுத்தாரா என்றால், இல்லை என்றே நினைக்கிறேன். பரவாயில்லை.

அப்புறம் டீ. நீங்கள் நம்ப மறுப்பதுதான் அந்தத் தொடரில் சரித்திரத்துக்கு நெருக்கமான சங்கதி. 1926 ஏப்ரல் 7-ஆம் தேதி ரோமில் வயலட் கிப்சன் என்ற ஐரிஷ் பெண்மணி முசோலினியைச் சுட்டார். குண்டு மூக்கை உரசிக்கொண்டு போனது. அவர் ஒரு பிரபுவின் மகள். அவரைப் பைத்தியம் என்று சொல்லி இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். 1956-ல் இறக்கும்வரை மனநோய் விடுதியை விட்டு வெளியே வரவில்லை. 1927 ஜனவரியில் ரோமுக்கு வந்தவர் சர்ச்சில், அப்போது பிரிட்டனின் நிதியமைச்சர். முசோலினியை நேரில் பார்த்துவிட்டு, நான் இத்தாலியனாக இருந்தால் உங்கள் பக்கம்தான் நின்றிருப்பேன் என்கிற தோரணையில் பத்திரிகைக்காரர்களிடம் பேசினார். பெரிய இடத்திலேயே இப்படி என்றால், விடுமுறைக்கு வந்தவர்கள் டீயைக் கீழே வைப்பார்களா? அடி விழுவது உள்ளூர்க்காரர்களுக்கு. தொடரும் அதைத்தான் காட்டுகிறது: திருடிய கடிதத்தை வைத்துப் பெல்லாவை மிரட்டும் பாசிச நகராட்சிக்காரன் தானியோனி மேசைக்கு வந்தால் விருந்தாளிகளுக்கு அது ஒரு சங்கடம், அவ்வளவுதான்.

எனக்கிருக்கும் நிஜமான குறை வேறு. இவ்வளவு நேரம் ஓட்டலுக்குள் இருந்தும் கல்லாப்பெட்டிக்குப் போதுமான இடம் கொடுக்கவில்லை. ஆங்கிலேயர்களுக்கு, போர்டோஃபினோ இருக்கும் ரிவியரா கடற்கரை என்றால் ரொம்பக் காலமாகக் குளிர்கால ஊர். நுரையீரல் நோய்க்காரர்களை டாக்டர்கள் அனுப்பிவைத்த இடம். கோடையில் வெயிலில் படுத்துக் கறுப்பதும் கடலில் குளிப்பதும் நாகரிகமானது 1920-களில்தான். பெல்லா கோடையில் ஆள் பிடிக்கிறாள் என்றால் துணிந்து ஒரு புது வியாபாரத்தில் இறங்கியிருக்கிறாள் என்று பொருள்.

அந்த 1926 கோடையில் ஒரு பவுண்டுக்குச் சுமார் 150 லிரா (அன்றைய இத்தாலிய நாணயம்) கிடைத்தது. ஆகஸ்ட் 18-ஆம் தேதி பெசாரோ நகரில் பேசிய முசோலினி, லிராவை விழவிட மாட்டேன் என்று சபதம் செய்தார். அதிலிருந்து பிறந்ததுதான் பவுண்டுக்கு 90 லிரா என்கிற இலக்கு. 1927 டிசம்பரில் 92 லிரா சொச்சத்தில் நிலைநிறுத்தினார்கள். நாளுக்கு 75 லிரா வாடகை என்று ஓர் அறையை வைத்துக்கொள்ளுங்கள். 1926-ல் லண்டன்காரருக்கு அது பத்து ஷில்லிங் (அன்று ஒரு பவுண்டுக்கு இருபது ஷில்லிங்). ஒன்றரை வருடம் கழித்து, வாடகையில் ஒரு லிராகூட ஏற்றாமலே, பதினாறு ஷில்லிங்குக்கு மேல். ‘போன தடவை இவ்வளவு இல்லையே’ என்று விருந்தாளி முகத்தைச் சுளிப்பார். வாடகையைக் குறைக்கலாம் என்றால் கசாப்புக்கடைக்காரருக்கும் சலவைக்காரிக்கும் லிராவில் கொடுத்தாக வேண்டும். தானியோனி மாதிரி பத்து பேர் சேர்ந்து வந்து மிரட்டினாலும் அந்த ஓட்டலுக்கு இவ்வளவு சேதம் வராது. பெல்லா ராத்திரி விளக்கு வைத்துக் கணக்குப் பார்க்கும் காட்சி ஒன்று போதும், எனக்கு ஓவியமும் வேண்டாம், திருடிய கடிதமும் வேண்டாம்.

அந்த இந்திய டாக்டர், நிஷ் சென்குப்தா விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. முதல் உலகப்போருக்குப் போன இந்தியர்கள் பத்து லட்சத்துக்கு மேல், டாக்டர்களும் அதில் உண்டு. கல்கத்தாவின் கல்யாண் குமார் முகர்ஜி ராணுவ டாக்டராக மெசபடோமியா (இன்றைய இராக்) போனார். அங்கே கூட் என்ற ஊரின் முற்றுகையில் துருக்கியரிடம் பிடிபட்டு 1917-ல் கைதியாகவே இறந்தார். வீட்டுக்கு அவர் எழுதிய கடிதங்களை வைத்துப் பாட்டி மோட்சதா தேவி, எண்பது வயதில், வங்காளியில் ஒரு புத்தகம் எழுதினார். வெளிவந்தது 1928-ல், தொடரின் இரண்டாம் பருவத்துக்கும் 1929-ல் நடக்கும் மூன்றாம் பருவத்துக்கும் நடுவில்.