பாலைக் கட்டையும் மூலை எல்லையும்

அன்புள்ள அண்ணா,

களுவாஞ்சிக்குடியில் எங்கள் பழைய வளவின் வேலியை எடுத்துவிட்டு மதில் கட்டப் போகிறோம். கதியால்கள் எல்லாம் பிடுங்கியாயிற்று. மூலையில் வேலித் தூணாக அப்பா நட்ட பாலைமரக் கட்டை மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. முப்பது வருடம் இருக்கும். போன கிழமை உழவு இயந்திரத்தில் நைலோன் கயிற்றைக் கட்டி இழுத்தோம், கயிறுதான் அறுந்தது. நிலமட்டத்தோடு அறுத்துவிட்டு மேலே கொங்கிரீட் போடலாம் என்கிறார் மேசன். செய்யலாமா?

க.

அன்புள்ள தம்பி,

அறுக்க வேண்டாம். மண்ணுக்குள் விட்ட கட்டை என்றாவது ஒருநாள் உக்கும், இல்லையென்றால் கறையான் தின்னும். அந்த இடம் பொள்ளலாகும்போது அதற்கு மேலே நிற்பது மதிலின் மூலை. வெடிப்பு அங்கேதான் தொடங்கும்.

கயிறு அறுந்ததில் யாருக்கும் காயமில்லை என்று நினைக்கிறேன், நீங்கள் எழுதவில்லை. நைலோன் கயிறு இழுக்க இழுக்க நீளும், அறுந்தால் அந்த இழுவை முழுவதும் சாட்டை மாதிரித் திரும்பி வரும். என் மச்சான் ஒருவருக்கு முழங்கைக்குக் கீழே அப்படிப் பட்டு, தழும்பு இன்னும் இருக்கிறது. ஆகவே உழவு இயந்திரத்தை விட்டுவிடுங்கள். பக்கவாட்டில் இழுக்கும்போது முப்பது வருடம் இறுகிய மண் முழுவதையும் கட்டையால் தள்ளப் பார்க்கிறீர்கள். நேரே மேலே தூக்கினால் கட்டையின் உடம்பைப் பிடித்திருக்கும் மண்ணோடு மட்டும்தான் பேச்சு.

அந்தப் பிடியை விடுவிக்க உங்கள் பக்கம் தண்ணீரே போதும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை மணல் அல்லவா. உங்கள் வளவுப் பக்கமாக மட்டும் இரண்டடி ஆழத்துக்குக் கிண்டுங்கள். பிறகு அலவாங்கை (கடப்பாரையை) கட்டையோடு ஒட்டி இறக்கி, முன்னும் பின்னும் ஆட்டி, அந்த இடைவெளியில் வாளி வாளியாகத் தண்ணீரை விடுங்கள். முதலில் தண்ணீர் சும்மா இறங்கிப் போகும். கொஞ்ச நேரத்தில் குமிழி வரும், மணல் கூழாகும், கட்டையைத் தோளால் தள்ளிப் பார்த்தால் ஒரு விரலளவு ஆடும். அந்த ஒரு விரல் ஆட்டம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. (வாவிக்கு மேற்கே படுவான்கரைக் களிமண்ணில் இதைச் செய்யக்கூடாது, நனைந்த களி கட்டையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அங்கே மாரி முடிந்து மண் அரைகுறையாகக் காயும்வரை பொறுக்க வேண்டும்.) கிண்டும்போது இரும்பாக ஏதாவது தட்டுப்பட்டு, என்னவென்று விளங்காவிட்டால் கை வைக்காமல் பொலிசுக்குச் சொல்லுங்கள். யுத்தகாலத்து வெடிபொருளாக இருக்கலாம், நம் ஊர்களில் இதை எழுதாமல் விட எனக்கு மனமில்லை.

இனித் தூக்குவது. நிலத்திலிருந்து நாலு விரல் மேலே சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் கல்லை வையுங்கள், பலகை இல்லாவிட்டால் கல் மணலுக்குள் போய்விடும். 6 அடி அலவாங்கின் நுனியைச் சங்கிலிக்குள் கொடுத்து, நுனியிலிருந்து அரை அடியில் கல் வரும்படி வைத்து மறுமுனையை அமத்தினால், உங்கள் பலம் 11 மடங்காகக் கட்டைக்குப் போகும். கட்டை எழும்ப எழும்பச் சங்கிலியைக் கீழே இறக்கிக் கட்டுங்கள். உயரத்தில் கட்டவே வேண்டாம். கொக்கட்டிச்சோலைப் பக்கம் எங்கள் வளவில் ஒரு முதிரைக் கட்டையை அப்படி இழுத்து நிலமட்டத்தில் முறித்துவிட்டு, அடித்துண்டை எடுக்க இரண்டு நாள் மெனக்கெட்டோம். காற்றும் ஈரமும் சேரும் இடம் நிலமட்டம், அங்கேதான் கட்டை முதலில் உக்கும். மண்ணுக்குக் கீழே இருந்த மரத்தின் வைரம் நேற்று வெட்டியது போல இருந்தது.

இவ்வளவையும் விட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவே இல்லை. அது எல்லையைக் காட்டும் மூலைக் கட்டை. எடுத்த மறுநாளே அது எங்கே நின்றது என்று ஆளுக்கொரு இடத்தைக் காட்டுவார்கள். அதனால் கிண்டுவதற்கு முதல் பக்கத்து வளவுக்காரரைக் கூப்பிட்டு, குழிக்கு வெளியே நாலு பக்கமும் நாலு முளை அடித்து, எதிரெதிர் முளைகளுக்கு இரண்டு கயிறு கட்டுங்கள், இரண்டும் கட்டையின் நடுவில் வெட்டிக்கொள்ள வேண்டும். அவரும் பார்க்கட்டும், போனில் படமும் எடுங்கள். பிறகு கயிற்றை அவிழ்த்துவிட்டு வேலையைப் பாருங்கள், முடிந்ததும் திரும்பக் கட்டினால் அதே புள்ளி வரும். அளவைக்கல் ஏதாவது பக்கத்தில் இருந்தால் அதைத் தொடக்கூடாது, நில அளவையாளரைக் கூப்பிடுங்கள்.

குழியை ஒரேயடியாக மூடாமல் அரை அடி அரை அடியாக மண் போட்டுத் தண்ணீர் விட்டு இடித்து நிரப்புங்கள். அத்திவாரம் வெட்ட முதல் மேசனுக்கு அந்த இடத்தைக் காட்டிவிடுங்கள். கட்டை வெளியே வந்ததும் அடியைக் கழுவிப் பாருங்கள். அந்தக் காலத்தில் கறையானுக்குப் பயந்து அடியைத் தீயில் கருக்கி நடுவார்கள். அப்பாவும் கருக்கியிருந்தால் கரி இன்னும் ஒட்டியிருக்கும். எனக்கு ஒரு படம் அனுப்புங்கள்.