எல்லைப் பனையைத் தறிக்க அவருக்கு உரிமை உண்டா?

பக்கத்துக் காணியை வாங்கியவர் மதில் கட்டுவதற்காக எல்லையோரப் பனைகளையும் பலாவையும் தறிக்கப் போகிறார், "என் காணி, என் மரம்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

பலா விஷயத்தில் அந்தக் கதை எடுபடாது. இலங்கையின் 1951ஆம் ஆண்டு 9ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பலாவையும் பெண்பனையையும் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதியின்றித் தறிக்க முடியாது. கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பனையில்தான் சிக்கல். சட்டம் சொல்வது பெண்பனையை. விழுந்த பிறகு ஓலையையும் குலையையும் அப்புறப்படுத்திவிட்டால் வெறும் குற்றிதான் மிஞ்சும், "ஆண்பனைதான்" என்று சாதித்துவிடுவார்கள். அதனால் இன்றே படம் எடுங்கள்: வட்டில் (பனையின் தலைப்பகுதியில்) தொங்கும் காய்க்குலை தெளிவாக ஒன்று, அடிமரமும் வேலியும் சேர்ந்து தெரிய இன்னொன்று.

அப்புறம், காணி உறுதியையும் நில அளவை வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். மரம் சரியாக எல்லைக்கோட்டில் நின்றால் அவர் தனியாக முடிவெடுக்க இயலாது. இது தெரிந்தாலே பலர் இறங்கி வருவார்கள்.

கிராம அலுவலரிடம் வாயால் சொல்வதோடு விடாமல் கடிதமாகக் கொடுத்து, பிரதியில் திகதியுடன் கையொப்பம் வாங்குங்கள். கந்தோர் பூட்டியிருக்கும் சனி, ஞாயிறு பார்த்து வாள் இயந்திரத்துடன் வருவதும் நடக்கும். அப்படி வந்தால் பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அழையுங்கள். குற்றியை லொறியில் ஏற்றிப் போவதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும், அதையும் பொலிசாரிடம் சொல்லுங்கள்.