சோதனை வயலில் ஒரு வேலை

அன்புள்ள ஐயா,

நான் ஆத்தூர் பக்கம். இந்த ஆண்டு பி.எஸ்சி. வேளாண்மை முடித்தேன். அப்பாவுக்கு மூன்று ஏக்கர், பெரும்பாலும் மரவள்ளி. படித்ததில் எனக்குப் பிடித்தது பூச்சியியல்தான். இப்போது இரண்டு வேலைகள் வந்திருக்கின்றன. ஒன்று, பூச்சிமருந்து கம்பெனியில் மார்க்கெட்டிங். நல்ல சம்பளம், பெட்ரோல், இன்சென்டிவ் எல்லாம் உண்டு. இன்னொன்று, கம்பெனிகளுக்குச் சோதனை வயல் போட்டுக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில். சம்பளம் கிட்டத்தட்ட பாதி. அம்மா இரண்டும் வேண்டாம், பேங்க் பரீட்சைக்குப் படி என்கிறார். பயிர்ப் பாதுகாப்பில் டெக்னிக்கல் ஆளாக வளர ஆசைப்படுகிறேன். கடைசியில் நானும் விஷம் விற்கிறவளாகத்தான் ஆவேனோ என்ற பயமும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

ப., ஆத்தூர்

அன்புள்ள ப.,

சோதனை வயல் வேலைக்குப் போங்கள். சம்பளம் பாதி என்றாலும் அதற்கே போங்கள். ஏன் என்பதை உங்கள் ஊர் மரவள்ளியை வைத்தே சொல்கிறேன்.

2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்ணில் பட்டது. இரண்டே ஆண்டுகளில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவிவிட்டது. மருந்துக்கு மேல் மருந்து அடித்தார்கள். அந்தப் பூச்சியின் மேல் இருக்கும் மெழுகுப் பூச்சைத் தாண்டி மருந்து இறங்கவில்லை. கூட இருந்த நன்மை செய்யும் பூச்சிகள்தான் செத்தன. 2010இல் பெங்களூருவில் உள்ள வேளாண் பூச்சிகளுக்கான தேசிய நிறுவனம் அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியை, அதாவது மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் குளவியை, போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி மாவட்டம் மாவட்டமாகக் கொடுத்தது. சில மாதங்களில் பூச்சி அடங்கியது. உங்கள் அப்பாவுக்கு நினைவிருக்கும்.

2020இல் கேரளத்தில் ஆரம்பித்து மறுபடி மரவள்ளியில் மாவுப்பூச்சி. பார்வைக்கு அதே வெள்ளைதான். ஆனால் இது வேறு இனம், பீனகாக்கஸ் மானிஹோட்டி. பப்பாளி மாவுப்பூச்சிக்கு வந்த குளவி இதைக் கட்டுப்படுத்தாது. இதற்கென்று அனகைரஸ் லோபெஸி என்ற குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கொண்டுவந்து, 2022இல் உங்களுக்குப் பக்கத்திலுள்ள ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வயல்களில் விடத் தொடங்கினார்கள்.

அந்தக் குளவி ஆப்பிரிக்காவுக்குப் போன கதையும் உங்களுக்குத் தெரிய வேண்டும். 1970களில் இதே பூச்சி அங்கே கோடிக்கணக்கானவர்களின் சாப்பாடான மரவள்ளியை அழித்துக்கொண்டிருந்தது. பூச்சியின் பூர்வீகம் தென் அமெரிக்கா. அங்கே வடபகுதியில் தேடியபோது மரவள்ளியில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. அதன் ஒட்டுண்ணிகளை எடுத்துப் பார்த்தார்கள், ஆப்பிரிக்கப் பூச்சியிடம் ஒன்றும் எடுபடவில்லை. அப்புறம்தான் அது நெருங்கிய உறவான வேறு இனம் என்று தெளிவானது. 1981இல் பராகுவேயில் சரியான பூச்சியும் அதன் குளவியும் கிடைத்தன. அந்தத் திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள்.

என் கணக்கில் டெக்னிக்கல் ஆள் என்பவர் முதலில் பூச்சியைச் சரியாக அடையாளம் சொல்கிறவர். அங்கே தப்பினால் அதற்குப் பின் செய்வது எல்லாமே தப்பும். இதற்குப் பராகுவே வரை போகவே வேண்டாம், மிளகாய் வயலுக்குப் போங்கள். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டால் மஞ்சள் சிலந்திப்பேன் (மைட்). சிலந்திப்பேனுக்கு எட்டுக் கால், அது பூச்சியே இல்லை. பல பூச்சிமருந்துகள் அதை ஒன்றும் செய்யாது. சில மருந்துகளை அடித்தால் அதைத் தின்னும் இரைவிழுங்கிகள் செத்து, சிலந்திப்பேன் இன்னும் பெருகும். கடைக்காரர் "இலை சுருட்டலா, இந்தா" என்று ஒரு பாட்டிலை நீட்டிவிடுவார். இலையைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்க்க அவருக்கு நேரம் கிடையாது. மார்க்கெட்டிங்கில் உங்களுக்கும் இருக்காது. காலையில் கடைகளில் பணம் கலெக்ஷன், மதியம் தேங்கிய சரக்கைத் தள்ளிவிடும் லிக்விடேஷன், மார்ச் வந்தால் டார்கெட். அங்கும் நல்லவர்கள், நிறையத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முதல் இரண்டு வருடத்தில் பழகுவதுதான் கையில் ஒட்டும்.

சோதனை வயலில் என்ன பழகுவீர்கள்? பாத்தி பிரித்து, குலுக்கிப் போட்ட வரிசையில் மருந்துகளை அடிப்பீர்கள். அடிப்பதற்கு முன்பு பூச்சிகளை எண்ண வேண்டும். 3, 7, 14ஆம் நாள் மறுபடி எண்ண வேண்டும். முதுகு வலிக்கும், சலிப்பாக இருக்கும். அந்த எண்ணிக்கையில்தான் கண் பழகுகிறது. எதுவுமே அடிக்காத கன்ட்ரோல் பாத்தி ஒன்று இருக்குமே, அதைத்தான் அதிக நேரம் பார்க்க வேண்டும் என்பேன். நெல்லில் டெல்டாமெத்ரின் என்ற மருந்தை அடித்த பாத்தியில் புகையான் என்ற தத்துப்பூச்சி பெருகி, அடிக்காத பாத்தி அதைவிட நன்றாக நிற்பதைப் பார்க்க நேரலாம். ஒரு முறை பார்த்தால் போதும், ஆயுசுக்கும் மறக்காது.

டேங்க் கணக்கும் அங்கேதான் வரும். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்று லேபிள் சொன்னால், 16 லிட்டர் ஸ்பிரேயரில் பன்னிரண்டு, பதிமூன்று டேங்க் ஆகும். வயலில் ஆறேழு டேங்கோடு முடித்துவிடுவார்கள், அதுவும் டேங்குக்கு ஒரு மூடி என்ற அளவில். ஏக்கருக்குப் போக வேண்டிய மருந்தில் பாதிதான் போகிறது. பூச்சி சாகவில்லை, மருந்து டூப்ளிகேட் என்று வேறொன்றை வாங்குவார்கள். மாற்றி வாங்கியதும் பெரும்பாலும் அதே வகையாக இருக்கும்: இமிடாகுளோபிரிட், தயோமீதாக்சம், அசிட்டாமிபிரிட் மூன்றும் 4ஏ குரூப், பூச்சியின் உடம்பில் ஒரே இடத்தில் வேலை செய்பவை. மருந்து பூச்சியின் உடம்பில் எங்கே வேலை செய்கிறது என்பதை வைத்து எண்ணிட்ட பட்டியல் அது; மருந்துக்குப் பூச்சி பழகிப்போவதைத் தடுக்க ஐ.ஆர்.ஏ.சி. என்ற சர்வதேசக் குழு போட்டது. அதை இப்போதே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

விஷம் விற்கிறவளாக ஆவேனோ என்ற பயத்துக்கு வருகிறேன். அது நியாயமான பயம், அதை விட்டுவிடாதீர்கள். 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இருபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். இந்தத் துறைக்கு வருகிற யாரும் அதை மறந்துவிட்டு வேலை செய்யக் கூடாது. அதே சமயம், "இப்போது அடிக்க வேண்டாம்" என்று சொல்லவும் ஆள் வேண்டும். வயலில் எண்ணிப் பார்த்தவருக்குத்தான் அதைச் சொல்லும் தைரியம் வரும். புகையானுக்குத் தூருக்கு (ஒரு கிளைப்புக்கு) ஒன்று என்பது சேத நிலை, அதாவது மருந்தடிக்க வேண்டிய அளவு. குத்துக்கு (பல தூர்கள் சேர்ந்த ஒரு கொத்துக்கு) புகையானைத் தின்னும் நிஜச் சிலந்தி ஒன்று இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம் என்கிறது பரிந்துரை. அந்தச் சிலந்தியின் மதிப்பை யாரோ எண்ணித்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

பேங்க் பரீட்சை எங்கும் போய்விடாது, அம்மாவிடம் அப்படியே சொல்லுங்கள். இரண்டு வருடம் வயலில் இருந்துவிட்டு எம்.எஸ்சி. பூச்சியியலுக்கு எழுதுங்கள். அதன் பிறகு விளைபொருளில் தங்கும் மருந்தை அளக்கும் எச்ச நஞ்சு ஆய்வகம், மருந்துப் பதிவு வேலை, உயிரியல் கட்டுப்பாடு, அரசு ஆராய்ச்சி நிலையம் என்று வழிகள் பல. 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி ஒரு புது மருந்து பதிவாக வேண்டுமென்றால் சோதனை வயல் தரவு இல்லாமல் நடக்காது. அதை எடுக்கத் தெரிந்தவரை எங்கும் எடுத்துக்கொள்வார்கள். பெண் என்பதால் ஆபீஸில் டேட்டா என்ட்ரி தருகிறோம் என்றால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சேர்வதற்கு முன் அவர்களிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். மருந்தடிக்கிற கூலியாட்களுக்கும் உங்களுக்கும் கையுறை, முகக்கவசம், முழு உடை யார் தருகிறார்கள்? ஒரு மருந்து வேலை செய்யவில்லை என்று உங்கள் எண்ணிக்கை சொன்னால், அந்த எண்ணிக்கை அப்படியே அறிக்கையில் போகுமா? இரண்டுக்கும் நேரான பதில் வந்தால் சேருங்கள். மழுப்பினால் வேறு நிறுவனம் பாருங்கள், அதற்கும் நான் உதவுகிறேன்.