விரல் எலும்பில் கிருமி: ஆறு கிழமை மருந்து எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. குருநகரில் மீன் வெட்டும் வேலை. சலரோகமும் உண்டு. வலது சுட்டுவிரல் நுனியில் மீன் முள் ஏறிச் சிதல் கட்டியது. தேசிக்காய் செருகிப் பார்த்தோம், கேட்கவில்லை. பிறகு வைத்தியசாலையில் கீறி எடுத்தார்கள். ஒரு மாதமாகியும் காயம் கசிகிறது. முதல் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றவர்கள், இப்போது எலும்பில் கிருமி, 6 கிழமை மருந்து என்கிறார்கள். முதலே கவனிக்காமல் விட்டார்களா? விரலை எடுக்க வேண்டி வருமா?
— ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: முதல் எக்ஸ்ரேயைக் குறை சொல்ல முடியாது. எலும்பு அரிபடுவது எக்ஸ்ரேயில் தெரிய 2, 3 கிழமை எடுக்கும். கீறிய காயம் ஆறாமல் கசிந்தால் திரும்பப் படம் எடுப்பது அதனால்தான்.

விரல் நுனிச் சதை சின்னச் சின்ன அறைகளாகப் பிரிந்து, எலும்போடு இறுகப் பிணைந்திருக்கும். அதற்குள் சிதல் சேர்ந்தால் விரிய இடமில்லை. அழுத்தம் ஏறி இரத்தக்குழாய்களை நெரிக்கும், எலும்பு செத்துப்போகும். இரத்தம் ஓடாத எலும்புக்குள் மருந்தும் போகாது. ஆகவே செத்த பகுதியைச் சத்திரசிகிச்சையில் சுரண்டி எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு 4 முதல் 6 கிழமை வரை அன்ரிபயோட்டிக் கொடுப்பார்கள். பத்து நாளில் நோ குறைந்துவிடும். அப்போது குளிசையை நிறுத்துகிறவர்களுக்குத்தான் கிருமி திரும்ப வருகிறது. தேசிக்காய் உள்ளே கட்டிய சிதலை வெளியே எடுக்காது, நாளைத்தான் கடத்தும்.

கட்டாயம் ஒன்று செய்யுங்கள். அவர் மீன் வெட்டுகிறவர், முள் குத்தித்தான் தொடங்கியது என்று டொக்டரிடம் சொல்லுங்கள். கை எலும்பில் பெரும்பாலும் வருவது ஸ்டாபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற கிருமி. ஆனால் மீனிலும் தண்ணீரிலும் இருக்கும் மைக்கோபக்ரீரியம் மரினம் என்பது காசநோய்க் கிருமியின் இனம். வழமையான பரிசோதனையில் அது பிடிபடாது. 30 பாகை செல்சியஸ் அளவில் கிழமைக்கணக்கில் வளரவிட்டுத்தான் பார்க்க வேண்டும், மருந்தும் வேறு, மாதக்கணக்கில் எடுக்க வேண்டும். ஆய்வுகூடத்துக்குச் சொல்லாவிட்டால் அவர்கள் தேடமாட்டார்கள். புண்ணின் மேலே பஞ்சால் துடைத்தெடுத்த மாதிரியில் தோல் கிருமிதான் அநேகமாக வரும். சுரண்டும்போது எடுக்கும் எலும்புத் துண்டையே பரிசோதனைக்கு அனுப்புவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

விரலை எடுப்பது எலும்பு எவ்வளவு செத்தது என்பதைப் பொறுத்தது. நுனி எலும்பில் ஒரு பகுதி மட்டும் என்றால் பெரும்பாலும் காப்பாற்றலாம். மூட்டும் அழிந்து, இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால், நுனியை எடுத்துவிடுவதே கைக்கு நல்லதாக இருக்கும். விறைத்து நோகும் விரலை வைத்துக்கொண்டு கத்தி பிடிக்க முடியாது. சீனி கட்டுப்படாமல் எந்த மருந்தும் சரியாக வேலை செய்யாது. புகைப்பவராக இருந்தால் இன்றைக்கே விடட்டும். சீனி பார்க்க மற்றக் கையில் குத்துங்கள்.

முழு விரலும் வீங்கி, மடங்கியபடியே நின்று, நிமிர்த்தினால் தாங்க முடியாத நோ எடுத்தால், சிதல் விரலை மடக்கும் தசைநாணின் உறைக்குள் இறங்கியிருக்கலாம். கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காமல், இரவென்றாலும் யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைக்கட்டும். கட்டுப் போடாத விரல்களை ஒவ்வொரு நாளும் பலமுறை மடக்கி நீட்டட்டும். நோகும் விரலை எப்போது அசைக்கத் தொடங்கலாம் என்று இயன்மருத்துவரிடம் கேளுங்கள், இல்லாவிட்டால் கிருமி போனாலும் விரல் மடங்காது.